பன்னிரண்டாவது கல்

முதலில் சம்மட்டிச் சத்தம் நிற்கும்.

பாறைமேல் குழி போடுகிறவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்து ஒருவன் சிவப்புத் துணி கட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடுவான். ஓடிக்கொண்டே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையிலும் கத்துவான். "தூரம் போங்க! தூரம் போண்டி! தூர ஹோக்ரி!" எங்கள் பக்கத்தில் ஒரு பாஷையில் மட்டும் கத்தினால் மற்ற இரண்டு பாஷைக்காரனும் செத்துப்போவான்.

ஜல்லி உடைக்கிற கொட்டகையில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள் இருந்தோம். சுத்தியலைப் போட்டுவிட்டு மண்மேட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வோம். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் பொத்தமாட்டேன். என் இடது கையைத் திறந்து வைத்திருப்பேன். அதில் கொண்டைக்கடலை அளவுக் கற்கள் இருக்கும். அன்றைக்கு எத்தனை குழியோ அத்தனை கல். காலையில் பிரியும்போது என் புருஷன் மாதப்பன் எண்ணி வைத்துவிட்டுப் போனவை.

ஒரு வேட்டுக்கு ஒரு கல்லைக் கீழே போடுவேன். கை காலியானால் எல்லாக் குழியும் வெடித்துவிட்டது, இனிப் பாறைப் பக்கம் போகலாம், அவனும் வந்துகொண்டிருக்கிறான். கல் மிஞ்சினால் ஒருத்தரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

ஐந்து வருஷம் என் உச்சிப்பொழுது இப்படித்தான் போயிற்று.

கோபக்காரி

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மா, உங்கள் எழுத்தில் கோபம் அதிகம். கொஞ்சம் இதமாக எழுதலாமே" என்கிறார். ஐயா, நான் கல்லுடைத்தவள். உத்தனப்பள்ளி பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். எனக்கு வருகிற மாதிரித்தான் வரும். இதமாக எழுதுகிறவர்கள் இதே பத்திரிகையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். என் புருஷனைப் பற்றி எழுதப்போகிறேன்.

திரி

இப்போது எங்கோ உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் எங்கோ இருக்கிற பாறை உடைகிறது. அன்றைக்கு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ரோட்டுக்கும் பாலத்துக்கும் கல் எடுத்த காலத்தில், பாறை உடைய வேண்டும் என்றால் ஒரு மனுஷன் அதன்மேல் நின்று நெருப்பு வைக்க வேண்டும்.

குழிக்குள் மருந்துத் தோட்டாவை இறக்கி, மண் போட்டுக் கெட்டித்து, திரியை வெளியே விட்டிருப்பார்கள். மாதப்பன் பீடியைப் பற்றவைத்து, அந்த பீடியாலேயே ஒவ்வொரு திரியாகத் தொட்டுக்கொண்டு வருவான். பன்னிரண்டு திரி. கடைசித் திரியைத் தொடும்போது முதல் திரி பாதி எரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அவன் பாறையைவிட்டு இறங்குவான்.

மற்ற ஊர்களில் திரி வைக்கிறவன் ஓடுவான். இவன் நடப்பான். வேண்டுமென்றே நடப்பான். பீடியின் மிச்சத்தை இழுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி.

"ஓடி வந்தா என்னாய்யா, உன் கால் தேஞ்சா போயிடும்?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"ஓடுனா கல்லு தடுக்கும் புள்ள. தடுக்கி வுழுந்தவன்தான் செத்திருக்கான். நடந்தவன் எவனும் செத்ததில்ல."

"நடந்து செத்தவன் வந்து சொல்லுவானா உன்கிட்ட?"

கொட்டகையே சிரித்தது. அவனும் சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அந்த உடைந்த பல்லோடு சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது. அதனாலேயே கோபமாக இருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

கிணற்றுக்குள் எட்டு

அவன் ஊர் கல்லாவி. எங்கள் ஊருக்கு வந்தது கிணறு வெட்ட. எங்கப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம். கிணற்றில் பாறை தட்டிவிட்டது. வேட்டு வைக்கிற ஆள் என்று அவனைக் கூட்டிவந்தார்கள்.

கிணற்றுக்குள் வேட்டு வைப்பது பாறைமேல் வைப்பதைவிட மோசம். அடியில் நின்று திரியைப் பற்றவைத்துவிட்டுக் கயிற்றில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மேலே இருக்கிறவர்கள் இழுக்க வேண்டும். இழுத்தவர்கள் என் அண்ணன்கள் இரண்டு பேர்.

அன்றைக்கு எட்டுக் குழி. நான் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். சத்தம் அடங்கியதும் பெரியண்ணன் கயிற்றைப் பிடித்து இறங்கத் தயாரானான்.

"ஏழுதான் வெடிச்சுது" என்றேன்.

"உனுக்கு எண்ணத் தெரியுமா? எட்டு. நான் கேட்டன்" என்றான் அண்ணன்.

"உன் காதுல மண்ணு. ஏழு."

எங்கப்பா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாதப்பன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்க் கிணற்றுமேட்டில், கயிறு இறங்குகிற இடத்திலேயே, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு ஏழுன்னு சொல்லிச்சி. ஒருத்தரும் எறங்கக் கூடாது. மொதல்ல சோறு துன்னலாம்."

அப்படியே களி வந்தது. தின்றார்கள். கை கழுவினார்கள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அப்போது எட்டாவது வெடித்தது. ஒரு கல் புளியமரத்துக்கு மேலே போய் விழுந்தது. திரி ஈரத்தில் உறங்கிக் கிடந்து, இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்திருக்கிறது.

என் அண்ணன் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் இனிக்கிறது. பொய் சொல்வானேன்.

சாயங்காலம் மாதப்பன் எங்கப்பாவிடம் நேராகக் கேட்டான். "ஒழுங்கா எண்ணுற ஆளு எனக்கு வேணும். கட்டிக் குடுங்க."

"கெணத்துல தண்ணி வரட்டும், பாக்கலாம்" என்றார் அப்பா.

தண்ணீர் வந்தது.

பட்டாளத்து முனிசாமி

கல்யாணத்துக்குப் பிறகு கிணறு வேலையை விட்டு ரோட்டு வேலைக்கு வந்தோம். குத்தகைக்காரர் ஒருவர், ஓவர்சியர் ஒருவர், எங்களைப் போல நூறு பேர்.

எங்களோடு நரசப்பா என்று இன்னொரு திரிக்காரன் இருந்தான். ஒருநாள் ஒரு திரி அவன் நினைத்ததைவிட வேகமாக எரிந்துவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அவன் மனைவி நாகம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைக்கிறவள். அன்றையிலிருந்து அவள்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். மத்தியானம் அவள் ஊட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. என் கை தானாக மூடிக்கொள்ளும், உள்ளே கல் இல்லாவிட்டாலும்.

அப்போதுதான் முனிசாமி அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். அத்திப்பள்ளிப் பக்கம். யுத்தத்தில் பர்மாவில் பாலத்துக்கெல்லாம் வேட்டு வைத்தவர். பட்டாளத்து பூட்ஸை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருப்பார். மேல்சட்டை இருக்காது, பூட்ஸ் இருக்கும்.

அவர் ஒருநாள் மாதப்பன் திரி வைப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல எவனாவது பீடியில வேட்டு வெப்பானா? நாங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் மருந்து கட்டிட்டு, இந்தப் பக்கம் பள்ளத்துல படுத்துக்குவோம். நடுவுல ஒயரு. கையில ஒரு பொட்டி. கைப்பிடிய ஒரு திருகு. பாலம் போச்சு. பாலத்த கண்ணால பாத்ததுகூடக் கிடையாது."

நான் கையில் இருந்த சுத்தியலை வைத்துவிட்டேன். "அண்ணா, அந்தப் பொட்டி இங்க கெடைக்குமா?"

"எல்லாப் பெரிய வேலையிலயும் வந்தாச்சும்மா. இந்தக் குத்தகைக்காரனுக்குத்தான் மனசு இல்ல. மேல எழுதிப் போட்டா வரும்."

"நான் எழுதுறன்."

"உன் வூட்டுக்காரன் என்ன சொல்லுவான்?"

"அவன்கிட்ட எவன் கேக்கப் போறான்?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. எழுதியது தப்பில்லை. சொல்லாமல் எழுதியது தப்பு.

மனு

நாலாம் வகுப்புத் தமிழில் எழுதினேன். "எங்கள் ஆண்கள் நெருப்பை மிதித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒருவனுக்குக் கை இல்லை. பெட்டி வேண்டும்." அவ்வளவுதான். மற்றப் பதினேழு பெண்களும் ரேகை வைத்தார்கள். மாதப்பன் காதுக்குப் போகக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். நாகம்மா தன் ரேகையை வைத்துவிட்டு, நரசப்பாவையும் கூட்டிவந்து அவன் இடது கை ரேகையையும் வைக்கச் செய்தாள். அந்த ரேகையைப் பார்த்துத்தான் மேலே இருந்தவர்கள் அசைந்தார்கள் என்று நினைக்கிறேன்.

எத்தனை மாதம் என்று நினைவில்லை. ராகி அறுவடை முடிந்து போர் போட்டிருந்த சமயம், பெட்டி வந்தது.

சின்ன மரப்பெட்டி. தோல் வார். பக்கத்தில் பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம். அதற்கு ஒரு சட்டம் உண்டு என்று முனிசாமி அண்ணன் எல்லாருக்கும் சொன்னார். பாறைக்குப் போய் ஒயரைச் சேர்க்கிறவன் எவனோ, அவன் இடுப்பில்தான் கைப்பிடி இருக்க வேண்டும். அவன் திரும்பி வந்து தன் கையாலேயே மாட்டித் திருகுகிற வரைக்கும் வேறு யாராலும் பெட்டியை இயக்க முடியாது.

பக்கத்தில் நின்ற ஒருவன் மாதப்பனைக் கிண்டல் செய்தான். "மாதப்பா, இனிமே உன் உசுரு உன் பொண்டாட்டி கையில இல்லடா. முனிசாமியண்ணன் இடுப்புல."

மாதப்பன் சிரித்தான். உடைந்த பல் தெரியவில்லை. உதட்டை மூடிக்கொண்டு சிரித்தான்.

ஒரே சத்தம்

மறுநாள் காலை வழக்கம்போல என் கையைப் பிடித்துப் பன்னிரண்டு கல் வைத்தான்.

"எந்தப் பொட்டி வந்தா என்னா? குழி பன்னெண்டுதான். எண்ணு" என்றான்.

உச்சிக்குச் சம்மட்டி நின்றது. சிவப்புத் துணி ஓடியது. மூன்று பாஷையும் கேட்டது. குந்தினோம். கையைத் திறந்தேன்.

பூமி ஒரு முறை குலுங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. கொட்டகைத் தகரம் எல்லாம் அலறின. ஒரு கல்லைப் போட்டேன்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

காத்திருந்தோம். புழுதி வந்து எங்கள்மேல் படிந்தது. மருந்து வாடை மூக்கை அரித்தது. என் கையில் பதினொன்று இருந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பதினொரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்றுதான் பதினெட்டுப் பேரும் நினைத்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெண்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

ஓவர்சியர் கத்தினார். "என்னம்மா, வேலைக்கு வரமாட்டீங்களா?"

"பதினொண்ணு பாக்கி இருக்குது!" என்று நான் கத்தினேன்.

பாறைப் பக்கம் போகிற பாதையைப் பார்த்தேன். அங்கே மாதப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். குழி போடுகிற ஆட்களை மேலே போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுதான் வெடிச்சிருக்குது. போவாதீங்கடா. போனா செத்தீங்க!"

முனிசாமி அண்ணன் அவன் தோளைத் தொட்டார். "டேய் மாதப்பா, பன்னெண்டும் ஒண்ணாப் போச்சுடா. கரண்ட்டு ஒரே நேரத்துல எல்லாத்துக்கும் போவும். நான் மேல போயி பாத்துட்டு வந்துட்டன்."

மாதப்பன் கையை இறக்கவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்தான். நான் கையில் மிச்சம் இருந்ததை அவனுக்குக் காட்டினேன். பதினொன்று. அவன் மறுபடியும் கையை விரித்தான்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படி நின்றோம். அப்போது ஓவர்சியர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லாரும். எனக்குப் புரிந்ததும் நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரித்தேன். நிம்மதியில் சிரித்தேன். அவனுக்கு அது எப்படித் தெரியும்?

சிரிப்புக்கு நடுவில் ஓவர்சியர் சொன்னார்: "உன் பொண்டாட்டி மனு எழுதித்தான்டா பெட்டியே வந்தது. அவளுக்கே தெரியலியா?"

மாதப்பன் கையை இறக்கினான்.

வீட்டு வாசலில்

பொழுது சாய்கிற நேரம். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் வாசலில் குந்தி, பழைய திரித் துண்டு ஒன்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வுட்டிருப்பியா?"

"மாட்டன்."

"அதான் சொல்லல. நரசப்பாவுக்குச் சோறு ஊட்டுறத நான் தெனம் பாக்கறன். உனுக்கு அது வேணுமா? எனக்கு வேணாம்."

திரித் துண்டை விரலில் இறுக்கிச் சுற்றினான். பிறகு, "நான் ஏன் ஓடாம நடந்து வந்தன் தெரியுமா?" என்றான்.

"திமிரு."

"நீ எண்ணுறன்னு. அங்க எண்ணிக்கினு ஒருத்தி இருக்கறா, அவ தப்பா எண்ணமாட்டான்னு. அதான் நடந்தன். இனிமே என்னாத்த எண்ணுவ?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். அன்றைக்கு எழுந்து போய்க் களியைக் கிண்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அந்த வார்த்தை எது என்றும் தெரியவில்லை.

முனிசாமி அண்ணன் நல்ல மனுஷர். அவனைக் கூப்பிட்டுப் பெட்டி வேலை கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஒருநாள் கைப்பிடியைத் திருகவும் வைத்தார். பாறை பிளந்தது. மாதப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூடே இல்லியேண்ணா" என்றானாம். அதற்குப் பிறகு பெட்டிப் பக்கம் போகவில்லை. கல் சுமந்தான். திரி வைத்தவன் கூடை தூக்குவதைப் பார்த்து யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

வடக்கே மலையில் ரோடு போடுகிறார்கள், அங்கே பெட்டி கிடையாது, திரிக்காரன் வேண்டும் என்று ஒருவன் ஆள் சேர்க்க வந்தான். மாதப்பன் பெயர் கொடுத்துவிட்டான். என்னிடம் சொல்லாமல். நான் கற்றுக்கொடுத்ததுதானே அது.

பன்னிரண்டு மாதம்

கிளம்புகிற அன்று காலை, வேலைக்குப் பிரிவதுபோலவே என் இடது கையைப் பிடித்தான். எண்ணிக் கல் வைத்தான். பன்னிரண்டு.

"மாசத்துக்கு ஒண்ணு போடு. கை காலியாகறப்ப வந்து நிப்பன்."

"ஓடிப் போறவனுக்கு எண்ணிக்கை எதுக்கு?"

"நான் ஓடமாட்டன்னு உனுக்குத் தெரியாதா?"

நடந்துதான் போனான். உத்தனப்பள்ளி ரோட்டு வளைவு வரைக்கும் பீடிப் புகை தெரிந்தது. நான் கத்தியிருக்கலாம். கத்தத் தெரியாதவளா நான்? வீம்பு பிடித்து நின்றேன். அந்த வீம்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாவது கல்லைப் போட்ட பிறகு ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த எழுத்து. "இங்கு குழி அதிகம். குளிர் அதிகம். எண்ண ஆள் இல்லை." மூன்றே வரி. எனக்கு மனு எழுதத் தெரியும். அந்தக் கார்டுக்குப் பதில் எழுத, அதில் விலாசம் இல்லை.

எட்டாவது கல்லுக்குப் பிறகு அந்த வேலைக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அவன் வேறு மலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நடந்துதான் போனானா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம்போல் பார்த்தார்கள்.

பதினொரு கல் போட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் வேலையில் ஒருவனுக்கும் கை போகவில்லை. மறுபடியும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் மறுபடியும் மனு எழுதுவேன். அவனிடம் சொல்லிவிட்டு எழுதுவேன். அவ்வளவுதான் வித்தியாசம். என்மேல் எனக்குள்ள கோபமும் அவன்மேல் உள்ள கோபமும் இன்று வரைக்கும் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இப்போது ஓசூரைச் சுற்றிப் பாக்டரிகள் வந்துவிட்டன. அஸ்திவாரத்துக்குப் பாறை எடுக்கிறார்கள். சங்கு ஊதுகிறது. ஒரே ஒரு சத்தம். ஜன்னல் அதிர்கிறது. வேட்டு வைத்தவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்காக யாரும் எண்ணுவதும் இல்லை. என் இடது கை மட்டும் திறந்துகொள்கிறது.

பெரியண்ணன் மகன் வாரம் தவறாமல் வந்து சண்டை போடுகிறான். "இந்தப் பழைய வீட்ல ஒண்டியா என்னாத்துக்கு அத்த கெடக்கற? பெங்களூருக்கு வந்துடு, எங்களோட இரு" என்கிறான். நல்ல பையன். அவன் அப்பன் அன்றைக்குக் கிணற்றில் இறங்கியிருந்தால் இவன் பிறந்தே இருக்கமாட்டான். அதைச் சொன்னால் சிரிக்கிறான்.

பன்னிரண்டாவது கல்லை நான் போடவில்லை. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்து நிற்பேன் என்றான், வரவில்லை. அதனால் கை இன்னும் காலியாகவில்லை. கிணற்றில் எட்டாவது வேட்டு, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வெடித்தது.

கல் மிஞ்சினால் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நான் நகரவில்லை.